யாருடைய அனுமதி?

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பேருந்தைவிட்டு இறங்குகிற ஒருவர் இரண்டு ஊர்களுக்கு நடுவில் நிற்கிறார். வளைவுக்கு உள்ளே மர நிழல் கவிந்த அகன்ற சாலைகளும், வட்டம் வட்டமாகப் பகுக்கப்பட்ட குடியிருப்புகளும், எண்ணிட்டு வைத்த வீடுகளுமாக ஒரு நகரியம். வெளியே கும்பகோணம் நெடுஞ்சாலையும் அதன் ஓரமாக நெருக்கியடித்து வளர்ந்த இந்திரா நகர்க் கடைத்தெருவும். நகரியத்தின் மறுபுறம் விருத்தாசலம் சாலையில் மந்தாரக்குப்பம், அதே நெரிசலோடு. உள்ளே இருப்பவரின் சம்பளம் வெளியே செலவாகிறது. வெளியே இருப்பவரின் உழைப்பு உள்ளே கரைகிறது.

இப்படிப்பட்ட ஊரில் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால், தேநீர்க் கடையில் முதலில் வரும் கேள்வி 'உள்ளேயா, வெளியேயா?' என்பதே. அடுத்த கேள்வி 'யார் அனுமதி கொடுத்தது?' என்பது. இவ்விரண்டு கேள்விகளோடு நம் சமூகத்தின் விவாதம் முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள்? நாம் இங்கே பேச விரும்புவது அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றி மட்டுமே.

இலக்கியம் பேசுகிற நமக்குக் கட்டட அனுமதியோடு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தெருவைப் பற்றி எழுதாத தமிழ் நாவலாசிரியர் அரிது. அந்தத் தெரு யார் கையெழுத்தில் உருமாறுகிறது என்று கேட்பதில் மட்டும் நமக்கு ஏன் இத்தனை கூச்சம்?

*

முதலில் நெய்வேலியையே எடுத்துக்கொள்வோம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபோது, கிராமங்கள் பலவற்றின் நிலம் சுரங்கத்துக்கும் நகரியத்துக்குமாக எடுக்கப்பட்டது. நகரியத்தின் நிலம் நிறுவனத்தினுடையது. வீடு பணியாளருக்கு ஒதுக்கீடு. கடை வணிகருக்கு உரிமத்தின்பேரில் ஒதுக்கீடு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்வதாக 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டிய ஊர் இது. ஆனால் கடலூர் மாவட்ட நகராட்சிகளின் பட்டியலில் நெய்வேலி கிடையாது. 2021-இல் அண்டை ஊரான வடலூர் நகராட்சியாகிவிட்டது. நெய்வேலி நகரியத்தில் விளக்கு எரிவதும், குப்பை அள்ளுவதும், எந்த இடத்தில் கடை வரலாம் என்று தீர்மானிப்பதும் நிறுவனத்தின் நகர நிர்வாகம்தான்.

நிர்வாகம் திறமையாக நடக்கிறது என்பார்கள். பல விஷயங்களில் அது உண்மை. தமிழ்நாட்டின் நகராட்சிகள் எத்தனையில் இத்தனை மரங்கள் உண்டு? அதை நாம் மறுக்கவில்லை. 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் நம்மில் பலர் கைநிறையப் புத்தகம் வாங்கித் திரும்பியிருக்கிறோம். அந்த நன்றியும் நமக்கு உண்டு. ஆனால் நல்ல நிலவுடைமையாளரும் நிலவுடைமையாளரே. அவர் நல்லவராக இருக்கும்வரைதான் குடியிருப்பவருக்கு நிம்மதி.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மத்திய அரசு நிறுவனங்களின் கட்டடங்களும் நிலங்களும் 1971-ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் (அனுமதியின்றி இருப்போரை வெளியேற்றுதல்) சட்டத்தின்கீழ் வருபவை. உரிமம் முடிந்ததென்றோ ரத்தானதென்றோ முடிவானால், கடைக்காரர் அந்த நொடி முதல் 'அனுமதியற்றவர்'. அவரை விசாரிக்கும் எஸ்டேட் அதிகாரி அந்த நிறுவனத்தின் அலுவலராகவே இருக்கலாம் என்கிறது சட்டத்தின் 3-ஆம் பிரிவு. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்கிறது 15-ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிபதியிடம் போகலாம், அவ்வளவே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கலாம் என்றால், இச்சட்டமே மேலோங்கும் என்று 1990-இல் அசோகா மார்க்கெட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறிவிட்டது.

ஆக, கடைக்கு இடம் தருபவரும், எதிரே இன்னொரு கடையை அனுமதிப்பவரும், தகராறு வந்தால் முதலில் விசாரிப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம். தீய எண்ணம் எதையும் நாம் யார்மீதும் சுமத்தவில்லை. ஒரே கையில் மூன்று அதிகாரம் இருக்கும்போது எண்ணம் நல்லதா தீயதா என்பதே பொருளற்றுப்போகிறது என்கிறோம். முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தும் ஒருவர், தன் கடைக்கு எதிரே பெரிய அங்காடி வரட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கப்படுவதற்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. அவர் வாக்களித்து அனுப்பிய நகர்மன்ற உறுப்பினர் என்று ஒருவர் இருந்தால் அல்லவா போய் முறையிட முடியும்?

*

'நிறுவன நகரியத்தில் அப்படித்தான் இருக்கும். வெளியே ஜனநாயகம் இருக்கிறதே' என்று சொல்பவர்களைச் சென்னைக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கிறது. நெய்வேலியில் ஒரே உடைமையாளரின் திட்டம் உண்டென்றால், சென்னை தியாகராய நகரில் உடைமையாளர்கள் பலர், திட்டமோ காகிதத்தில். மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) அந்தப் பெருங்கடைகளில் நின்றபடியே தேய்ந்துபோகும் இளைஞர்களைத் திரையில் காட்டியது. கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டமன்றம் சட்டம் திருத்துவதற்கு 2021 வரை ஆனது என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

அந்தக் கடைகள் எப்படி உயர்ந்தன? தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அனுமதி பெறாமல் கட்டினால் நிறுத்தலாம், இடிக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதே சட்டத்தில் 113 என்றொரு பிரிவும் இருக்கிறது. எந்தக் கட்டடத்துக்கும் எந்த விதியிலிருந்தும் அரசு விலக்களிக்கலாம். இந்தப் பிரிவின்கீழ் அள்ளி வழங்கப்பட்ட விலக்குகளை எதிர்த்து நுகர்வோர் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது. ஆனால் காரணம் எழுதாமல் விலக்களித்த முறையைக் கடுமையாகச் சாடியது.

அரசுகள் அதற்குள் வேறு வழி கண்டிருந்தன. 1998-இல் 113-ஏ பிரிவு வந்தது. விதியை மீறிக் கட்டியவர் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம். 'ஒருமுறை மட்டும்' என்றார்கள். கெடு நீண்டது, மீண்டும் நீண்டது. 2006 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ஏற்க மறுத்தது. 2007-இல் கட்டடங்களைக் காக்க அவசரச் சட்டம் வந்தது. 2012-இல் 113-சி வந்தது. 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு மன்னிப்பு. 1998-இல் ஆண்டது ஒரு கழகம். 2012-இல் ஆண்டது இன்னொரு கழகம். காவிரி முதல் கல்வி வரை எதிலும் ஒத்துப்போகாத இருவரும் இந்த ஒன்றில் மட்டும் அண்ணன் தம்பிகளாக நின்றார்கள்.

நடுவில் என்ன நடந்தது? 2008 செப்டம்பர் 1 அன்று ரங்கநாதன் தெருவின் பல மாடிக் கடையொன்றில் தீப்பிடித்து ஊழியர்கள் இருவர் மாண்டனர். 2011 தீபாவளி அக்டோபர் 26. வியாபாரம் முடிந்து ஐந்தாம் நாள், அக்டோபர் 31-ஆம் தேதி, பெருநகர வளர்ச்சிக் குழுமமும் மாநகராட்சியும் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறிய கடைகளுக்குச் சீல் வைத்தன. 2012 ஜனவரியில், பொங்கலுக்கு முன், உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் தற்காலிகமாகத் திறக்கப்பட்டன. பண்டிகை நாட்காட்டிக்கும் சட்டத்துக்கும் இத்தனை நெருக்கமான உறவு வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் இன்னொரு பெருங்கடை எரிந்தது. ஒரு நாளைக்கும் மேலாகத் தீ அணையவில்லை. இறுதியில் கட்டடமே இடிக்கப்பட்டது.

இந்த வரிசையில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறதா? நெய்வேலியில் முன்பே ஒருவர் தீர்மானித்துவிடுகிறார். தியாகராய நகரில் எவரும் தீர்மானிக்காமல் கட்டடம் எழுந்துவிடுகிறது. பிறகு அரசும் நீதிமன்றமும் உடைமையாளரும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டிலுமே அந்தத் தெருவில் வசிப்பவர், அங்கே கூடை வைத்து விற்பவர், அங்கே வேலை பார்ப்பவர் ஆகிய மூவரும் இல்லை.

*

வணிகர் சங்கங்கள் போராடவில்லையா என்றால், போராடின. அவற்றின் பங்கை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். 2006, 2007-இல் பெருநிறுவனங்களின் காய்கறிக் கடைகள் நாடெங்கும் முளைத்தபோது ராஞ்சியில் கடைகள் தாக்கப்பட்டன. உத்தரப் பிரதேச அரசு அவற்றை மூடச் சொன்னது. தமிழ்நாட்டில் த. வெள்ளையன் தலைமையிலான பேரவை உரத்த குரல் எழுப்பியது. 2012 செப்டம்பரில் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, தமிழ்நாடு அதை ஏற்காது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். வெள்ளையன் 2024 செப்டம்பரில் மறைந்தார். சிறுவணிகருக்காக அவர் நடத்திய போராட்டங்களை மறப்பது நன்றிகெட்டதனம்.

ஆயினும் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்நியக் கடையைத் தலைவாசலில் தடுத்து நிறுத்திய அதே 2012-இல்தான், உள்ளூர்ப் பெருங்கடையின் விதிமீறலுக்கு 113-சி என்னும் கொல்லைக் கதவு திறக்கப்பட்டது. முன்னதற்குத் தெருவெல்லாம் கடையடைப்பு. பின்னதற்கு எத்தனை கடைகள் அடைக்கப்பட்டன? முதலாளியின் கடவுச்சீட்டைப் பார்த்துக் கோபப்படும் பழக்கம் நமக்கு இருக்கிறது. கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்துக் கோபப்படும் பழக்கம் வரவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஏழு மாடி, நம்மவர் கட்டினாலும் ஏழு மாடிதான்.

எதிர்ப்புறம் பாருங்கள். நடைபாதையில் ஆறடி இடத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பெண்ணுக்கு 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு வேண்டும் என்கிறது, சான்றிதழ் வேண்டும் என்கிறது, நகர விற்பனைக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சிறப்பு, அதை வரவேற்கிறோம். ஆறடிக் கடைக்குக் குழு கூடி ஆராய வேண்டும் என்று விதித்த நாட்டில், அறுபதாயிரம் சதுர அடிக் கடைக்கு அக்கம்பக்கத்தாரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்று விதியில்லை. நிலத்தின் பயன்பாட்டையே மாற்றுவதானால் நாளிதழின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் அறிவிப்பு வரும். வணிகப் பகுதி என்று ஏற்கெனவே வண்ணம் தீட்டிய இடமாக இருந்துவிட்டால் அந்தப் பொடி எழுத்தும் இல்லை.

*

'மலிவாகக் கிடைக்கிறது, மக்கள் போகிறார்கள். நீங்கள் யார் தடுக்க?' இதுவே நம் எதிரிகளின் வலுவான வாதம். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அண்ணாச்சி கடையை நாம் கோயிலாக்கவில்லை. எடைக்குறைவும் பழைய சரக்கும் அங்கேயும் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்த சிறுவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்திருந்த வரலாறும் உண்டு. ரங்கநாதன் தெருவின் பெருங்கடைகள் சில, சிறு கடைகளாகத் தொடங்கியவையே. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பருப்பில் ஐந்து ரூபாய் மிச்சப்படுத்துவதை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. அதே தொழிலாளிக்கு, சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பது எந்தக் கடை என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் எடைபோட வேண்டியவர் அவர். நாம் கேட்பதெல்லாம், எடைபோட அவருக்கு ஒரு தராசு கொடுங்கள் என்பதுதான்.

இப்படியொரு தராசை உலகில் யாரும் செய்து பார்க்காமல் இல்லை. பிரான்சில் 1973-ஆம் ஆண்டின் ருவாயே சட்டம், குறிப்பிட்ட பரப்பைத் தாண்டும் கடைக்கு உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் வணிகரும் நுகர்வோரும் அடங்கிய குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஜப்பானும் அதே ஆண்டில் பெருங்கடைச் சட்டம் இயற்றி, அமெரிக்க நெருக்குதலில் தளர்த்தி, 2000-இல் கைவிட்டது. பிரான்சின் குழுக்களில் கையூட்டு புகுந்தது என்ற குற்றச்சாட்டும் உண்டு. எந்தச் சட்டமும் தூய்மையான தேவதையன்று.

இங்கிலாந்தின் ஒரு சிற்றூரைச் சொல்லாமல் விட முடியாது. நார்ஃபோக் கடற்கரையில் ஷெரிங்ஹாம் என்றோர் ஊர். டெஸ்கோ நிறுவனம் அங்கே 1996-இல் இடம் தேடத் தொடங்கியது. ஊரில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். அந்நாட்டில் அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு அனுப்புவார்கள், அல்லது மனையருகே தாள் ஒட்டுவார்கள். மறுப்புச் சொல்ல 21 நாள் அவகாசம். ஷெரிங்ஹாமில் சண்டை 14 ஆண்டுகள் நீண்டது. 2010-இல் வேறோர் இடத்தில் போட்டி அங்காடிக்கும் விண்ணப்பம் வர, உள்ளாட்சி மன்றம் இரண்டையும் மக்கள் முன்னிலையில் வைத்து விவாதித்தது. அவ்வாண்டு அக்டோபரில் டெஸ்கோவுக்கே அனுமதி கிடைத்தது. 2013-இல் கடை திறந்தது. எதிர்த்தவர்கள் தோற்றார்கள். ஆனால் அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் தோற்கடித்தார்கள். எதை எதிர்த்தோம், ஏன் தோற்றோம் என்று அவ்வூர்ப் பிள்ளைகள் பதிவேட்டில் படிக்கலாம். நம் ஊரில் சுற்றிக் கட்டிய தகரத் தடுப்பை அகற்றும் நாளில்தான், உள்ளே எழுந்திருப்பது கடை என்றே நமக்குத் தெரிகிறது.

*

எனவே நம் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறோம். பெருங்கடை எதற்கும் விண்ணப்பம் வந்த அன்றே, அந்த மனையின் முன்னால், சாலையில் நடப்பவர் நின்று படிக்கும்படி, தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். எத்தனை மாடி, எத்தனை வண்டி நிறுத்த இடம், எத்தனை படிக்கட்டு என்று அதில் எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து ஊர்ப் பொதுவிடத்தில் விசாரணை நடத்த வேண்டும். அனுமதித்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுதி ஒட்ட வேண்டும். வரன்முறை என்ற பெயரில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பது நிற்க வேண்டும். 2019-இல் தமிழ்நாடு முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. உயரம், சாலை அகலம், பக்க இடைவெளி எல்லாம் மீட்டர் கணக்கில் அவற்றில் இருக்கின்றன. மனிதர்களின் வாய்க்கும் அதில் ஓரிடம் ஒதுக்குவது எட்டாத காரியமல்ல. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குப் பொருள் அனுப்பும் கிடங்குகள் பெருநகரக் குடியிருப்புத் தெருக்களில் முளைத்துவிட்ட இந்நாளில், இனியும் தள்ளிப்போட நேரமில்லை.

நெய்வேலிக்கு இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். கடை ஒதுக்கீட்டிலும் நிலப் பயன்பாட்டிலும் குடியிருப்போரும் வணிகரும் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒரு மன்றம் வேண்டும். தொழில் நகரியம் என்றால் நகராட்சி இல்லாமலிருக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 243-கியூ பிரிவு இடம்கொடுக்கிறது. இல்லாமலிருக்கலாம் என்பது இருக்கக் கூடாது என்றாகாது. அந்த மன்றத்தில் முதல் இருக்கை, நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கு. அவர்களுடைய தாத்தாக்களின் நிலத்தை எடுத்தபோது தேசத்தின் மின்சாரத்துக்காக என்று சொன்னார்கள். அது ஒரு காரணம், மறுக்கலாம், ஏற்கலாம். இன்று அதே நிலத்தின் ஓரத்தில் பலாச்சுளையும் முந்திரியும் விற்றுக்கொண்டிருக்கும் பேத்தியை எழுப்பிவிட்டுக் கண்ணாடிக் கதவு வைக்க வருபவர், என்ன காரணம் சொல்வார்?

எந்தக் காரணமாக இருந்தாலும், அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அவள் சொல்லும் பதிலை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அதன் பிறகு கடை வரட்டும், வராமல் போகட்டும்.